குளிர்ப்பெட்டிக்கு ஒரு கணக்குப்பிள்ளை

மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயணம் செய்தவர்கள், பாத்திகளின் வரப்பில் வாரிக் குவிக்கப்பட்டிருக்கும் வெண்ணிற அம்பாரங்களைக் கண்டிருப்பார்கள். அவற்றினருகே நோட்டுப் புத்தகத்துடன் நிற்கும் கணக்குப்பிள்ளையை எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ தெரியாது. அவர் உப்பு வாருவதில்லை, மூட்டை சுமப்பதில்லை. எத்தனை மூட்டை கட்டப்பட்டது, எத்தனை மூட்டை லாரி ஏறியது என்று எழுதிக்கொண்டே இருப்பார். மாலையில் கூலி பிரிக்கும்போது அவர் நோட்டில் இருப்பதுதான் பேச்சு, மற்றதெல்லாம் ஊகம்.

நம் வீட்டு அடுப்படிகளில் இரவும் பகலும் முனகிக்கொண்டு நிற்கும் குளிர்ப்பெட்டிக்கு இப்படியொரு கணக்குப்பிள்ளை கிடையாது. கதவைத் திறந்து கையை நீட்டி, 'சில்லென்றுதான் இருக்கிறது' என்று சொல்லிவிட்டால் அதோடு விசாரணை முடிந்தது. பாலுக்கும் மாவுக்கும் அந்த விசாரணை போதும். பால் திரிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மாவு புளித்து வாடை வீசும். இன்சுலின் அப்படிக் காட்டிக்கொடுக்காது. வீரியம் குன்றிய மருந்தும் பல வேளைகளில் நல்ல மருந்தைப் போலவே குப்பிக்குள் நிற்கும். அதன் உண்மை நிலை, அதைப் போட்டுக்கொள்பவரின் இரத்தத்தில்தான் தெரியவரும்.

கூனிமேட்டில் எங்கள் தெருவிலுள்ள முதியவர்கள் ஐவரின் இன்சுலின் எங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இருந்துவருகிறது. அவர்களில் என் தாயாரும் ஒருவர். மற்ற நால்வரில் இருவர் வீட்டில் குளிர்ப்பெட்டியே இல்லை. ஒருவர் வீட்டுப் பெட்டி கடற்காற்றில் துருவேறி ஓய்ந்துவிட்டது. மகள் வீட்டுக்கும் மகன் வீட்டுக்குமாக மாறி மாறி இருக்கும் ஒரு மாமி, "ஹஜ்ரத் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பெயர் எழுதி ஒட்டிய ஐந்து பொட்டலங்கள். மதரஸாவில் பிள்ளைகளுக்கு அமானிதம் என்றால் என்னவென்று விளக்கும்போது, ஒப்படைக்கப்பட்ட பொருளைக் குறைவின்றித் திருப்பிக் கொடுப்பது என்று சொல்லிக்கொடுக்கிறேன். குப்பியைத் திருப்பிக் கொடுப்பது எளிது. அதனுள்ளிருக்கும் குணமும் குறைவின்றித் திரும்பிச் சென்றது என்பதற்கு என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 அன்று இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. நம் கடற்கரைக்குப் புயல் புதிதன்று. 2011 டிசம்பர் 30இல் தானே, 2020 நவம்பர் 25 நள்ளிரவையொட்டி மரக்காணத்திற்கு அருகிலேயே கரையேறிய நிவர் என்று சென்ற பதினைந்து ஆண்டுகளில் பார்த்துவிட்டோம். ஃபெஞ்சலின்போது எங்கள் தெருவுக்கு மின்சாரம் மூன்றாம் நாள்தான் வந்தது. வந்தவுடன் மருந்துக்கடைக்குச் சென்று, இந்த இன்சுலினை இனிப் பயன்படுத்தலாமா என்று கேட்டேன். கடையிலிருந்த தம்பி பொறுப்பானவர். "எவ்வளவு நேரம் எத்தனை டிகிரியில் இருந்தது என்று தெரிந்தால் சொல்லிவிடலாம் ஹஜ்ரத்" என்றார். அது எவருக்கும் தெரியாது.

திறவாத இன்சுலின் 2 டிகிரி முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருக்க வேண்டும். அப்படியிருந்தால் குப்பியில் அச்சிட்ட காலாவதித் தேதி வரை செல்லும். பயன்பாட்டில் இருக்கும் குப்பியை 30 டிகிரிக்கு மேற்படாத அறைவெப்பத்தில் ஏறத்தாழ 28 நாட்கள் வைத்துக்கொள்ளலாம். மருந்துக்கு மருந்து இந்த நாட்கணக்கு சற்று மாறும். ஆகவே மழைக்கால மின்வெட்டு உடனே மருந்தைக் கொன்றுவிடாது. ஆனால் இரண்டு மாத இருப்பாக வைத்திருந்த திறவாத குப்பிகளை என்ன செய்வது? ஐயத்துடன் ஊசி போட்டுக்கொள்வதைவிடப் புதிதாக வாங்கிவிடுவது என்று முடிவாயிற்று. அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பெறும் இருவர் மீண்டும் வரிசையில் நின்றார்கள். உப்பளத்தில் கூலி வேலை செய்பவருடைய தாயாருக்கு வெளியில்தான் வாங்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை ஏது, கூலி ஏது? நல்ல மருந்தைத் தூக்கி எறிந்தோமா, கெட்ட மருந்திலிருந்து தப்பினோமா என்பது இன்றுவரை தெரியாத விஷயமாகவே நிற்கிறது.

இந்தக் கேள்விக்கு விடை காணும் ஏற்பாடு நம் நாட்டிலேயே பெரிய அளவில் இருக்கிறது. குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்துகளும் அதே 2 முதல் 8 டிகிரிக்குள் காக்கப்பட வேண்டியவையே. 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் தொடங்கியதிலிருந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் பனிச்சுவர்க் குளிர்ப்பெட்டியின் மூடிமேல் ஒரு பதிவேடு வைத்து, காலையிலும் மாலையிலும் வெப்பநிலையைக் குறித்து வருகிறார்கள். அருமையான பழக்கம்தான். ஆயினும் மாலைக்கும் காலைக்கும் இடையே ஓர் இரவு இருக்கிறதல்லவா? அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2015 முதல் 'ஈவின்' என்னும் மின்னணு வலைப்பின்னலின்கீழ் பெட்டிக்குள் உணர்கருவி பொருத்தி, வெப்பம் எல்லை மீறினால் பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி போகும்படி செய்தார்கள். 2021 ஜனவரியில் தொடங்கிய கொரோனா தடுப்பூசிப் பணிக்கும் இந்த ஏற்பாடு பெரிதும் கைகொடுத்தது.

வீடுகளின் நிலை என்ன? 2018இல் பெர்லினில் நடந்த ஐரோப்பிய நீரிழிவு ஆய்வு மாநாட்டில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 388 நோயாளிகளின் மருந்தோடு உணர்கருவி வைத்துத் திரட்டிய 400 பதிவுகளில் 315இல் வெப்பநிலை வரம்பை மீறியிருந்தது. குளிர்ப்பெட்டியில் இருந்த மருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 2 மணி 34 நிமிடம் வரம்புக்கு வெளியே இருந்ததாம். தடையற்ற மின்சாரமுள்ள நாடுகளிலேயே இந்த நிலை!

அரசாங்கம் வாங்கும் கருவி நமக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அதன் சிறிய உறவினர்கள் கடையில் கிடைக்கிறார்கள். 'டேட்டா லாகர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். 'வெப்பப் பதிவி' என்று நான் சொல்லிக்கொள்கிறேன்; என் துணைவியார் 'கணக்குப்பிள்ளை' என்றே பெயரிட்டுவிட்டார்.

வரலாறு படித்த எனக்குக் கருவிகளின் பூர்வீகத்தைத் தேடாமல் இருக்க முடியாது. ஒரு நாளின் உச்ச வெப்பத்தையும் தாழ்ந்த வெப்பத்தையும் தானே பிடித்து வைத்துக்கொள்ளும் வெப்பமானியை இங்கிலாந்தின் ஜேம்ஸ் சிக்ஸ் என்பவர் 1782இல் விவரித்தார். பின்னர் வானிலை நிலையங்களில், கடிகாரப் பொறியால் மெல்லச் சுழலும் உருளையில் தாளைச் சுற்றி, பேனா ஒன்று வாரம் முழுதும் கோடிழுக்கும் வெப்பவரைவிகள் வந்தன. சிக்ஸ் அவர்களின் கருவி இரண்டு எண்களைச் சொல்லும். உருளைத் தாள் கதை முழுவதையும் சொல்லும். இன்று கடையில் நாம் காணும் கருவிகளும் இவ்விரு பரம்பரைகளைச் சேர்ந்தவையே. வாங்கப் போகிறவர் முதலில் தெளிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

சில நூறு ரூபாய்க்கு, கம்பி நுனியில் உணர்முனை கொண்ட எண்காட்டி வெப்பமானிகள் கிடைக்கின்றன. உச்சத்தையும் தாழ்வையும் நினைவில் வைத்திருக்கும். வசதியற்றவர்களுக்கு இதுவே போதும் என்று முதலில் எண்ணினேன். காலையில் பார்க்கும்போது 'உச்சம் 13' என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்கறி அடுக்க ஐந்து நிமிடம் கதவைத் திறந்து வைத்ததால் வந்த 13ஆ, நள்ளிரவில் ஐந்து மணி நேரம் மின்சாரம் போனதால் வந்த 13ஆ? அது சொல்லாது. மருந்துக்கடைத் தம்பி கேட்ட 'எவ்வளவு நேரம்' என்பதற்கு அதனிடம் பதிலில்லை. ஒன்றுமே இல்லாததற்கு அது மேல். ஐவரின் மருந்துக்கு அது போதாது.

மறுகோடியில் வைஃபை மூலம் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் இருக்கின்றன. துபையிலிருக்கும் என் தம்பி அதைத்தான் அனுப்பி வைப்பதாகச் சொன்னான். அங்கிருந்தே அம்மாவின் மருந்தைப் பார்த்துக்கொள்ளலாமாம். மின்சாரம் போனால் வைஃபை பெட்டியும் அணைந்துவிடுமே, செய்தி தேவைப்படும் நேரத்தில்தானே அது வாய்மூடும் என்று கேட்டேன். அவனிடம் பதிலில்லை. இணைப்பு அறுந்த நேரத்திலும் தன் வயிற்றுக்குள் குறித்து வைத்து, இணைப்பு வந்ததும் ஒப்புவிக்கும் வகையும் உண்டு. வாங்குவோர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். குளிர்ப்பெட்டியின் உலோகச் சுவர் அலையை மட்டுப்படுத்தும் என்பதும் உண்டு. சில கம்பெனிகள் ஆண்டுச் சந்தா வேறு கேட்கின்றன. சந்தா தீர்ந்தால் கணக்குப்பிள்ளை வேலைநிறுத்தம்!

நான் தேர்ந்தது இடைப்பட்ட வகை. தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிது; நாணயம் போன்ற மின்கலத்தில் இயங்கும்; யு.எஸ்.பி. முனையைக் கணினியில் செருகினால் வரைபடத்தோடு பி.டி.எஃப். ஆகப் பதிவை அச்சிட்டுக்கொள்ளலாம். விலை இரண்டாயிரத்துச் சொச்சம். ஐந்து குடும்பங்களும் பங்கிட்டுக்கொண்டதில் எவருக்கும் பாரமில்லை.

அதிலும் தேர்ந்தெடுக்கச் சில விஷயங்கள் இருந்தன. நினைவுத்திறனைப் பெரிதாக விளம்பரப்படுத்துகிறார்கள். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை குறித்தால் நாளொன்றுக்கு 144 குறிப்புகள். 8,000 குறிப்பு கொள்ளும் கருவி 55 நாள் தாங்கும். 32,000 கொள்வது 222 நாள் தாங்கும். வாரம் ஒருமுறை பார்க்கும் நமக்கு முன்னதே தாராளம். எந்த வெப்பம் வரை அளக்கும் என்பதுதான் முக்கியம். அறைக்கென்று செய்த மலிவான கருவிகள் சில, சுழியத்திற்குக் கீழே அளப்பதில்லை. இன்சுலினுக்குச் சூட்டைவிட உறைதலே கொடிய எதிரி; ஒருமுறை உறைந்துவிட்டால் மீண்டும் உருகினாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. உறைதலைக் காணாத கருவி ஒரு கண் குருடு. எல்லை மீறினால் ஒலியெழுப்பும் மணி இருப்பது நல்லது. ஈரப்பதம் அளப்பதற்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

துல்லியம் பற்றி ஒரு வார்த்தை. திரையில் 4.3 என்று தசமத்தோடு காட்டுவதால் அது துல்லியமானது என்று பொருளன்று. அரை டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள். எனவே 2 முதல் 8 என்ற எல்லைக்குப் பதிலாக 3 முதல் 7 என்று நானே இறுக்கிக்கொண்டேன். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவுத்திருத்தச் சான்றிதழோடும் கிடைக்கிறது; மருத்துவமனைக்கு அது அவசியம், வீட்டுக்கு அந்தச் செலவு மிகை. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நொறுக்கிய பனிக்கட்டியை ஒரு குவளை நிறையப் போட்டு, இடுக்குகள் நிரம்பும் அளவுக்குக் குளிர்ந்த நல்ல நீர் ஊற்றி, கலக்கிச் சற்றுப் பொறுத்தால் அக்கலவை 0 டிகிரியில் நிற்கும். கருவியைத் தண்ணீர் புகாத மெல்லிய பையில் இறுகச் சுற்றி அதில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைத்து, என்ன காட்டுகிறது என்று பாருங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. மீன் வாடியிலிருந்து ஐஸ் வாங்கி வந்து இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ஐஸ் தொழிற்சாலையில் நல்ல நீர் நிரப்பிய தகர அச்சுகளை உப்புக் கரைசல் தொட்டியில் இறக்கித்தான் பாளம் பாளமாக உறைய வைக்கிறார்கள். பாளத்தின் மேல் உப்பு ஒட்டியிருக்கலாம். உப்புச் சேர்ந்த பனிக்கலவை சுழியத்திற்குக் கீழே இறங்கிவிடும். தகுந்த விகிதத்தில் கலந்தால் சுழியத்திற்குக் கீழ் 21 டிகிரி வரை போகும். மின்வெட்டின்போது மீன் ஐஸ் பெட்டியில் மருந்தைச் செருகி வைப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது. மண்பானைக்குள் பானை வைத்து, இடையே ஈரமணல் நிரப்பிக் காக்கும் முறையையும் சிலர் சொன்னார்கள். வறண்ட காற்றுள்ள ஊர்களில் அது நன்றாக வேலை செய்கிறது. ஈரம் சுமந்த நம் கடற்காற்றில் நீர் ஆவியாவது குறைவு. ஆகவே குளிர்ச்சியும் குறைவு.

கருவியைப் பெட்டிக்குள் அப்படியே வைத்தால் கதவு திறக்கும்போதெல்லாம் பதறிக்கொண்டு ஏறி இறங்கும். காற்று சூடாவது வேகம், குப்பிக்குள்ளிருக்கும் மருந்து சூடாவது நிதானம். மருந்து உணர்வதையே கருவியும் உணர வேண்டுமென்பதற்காக, அதை ஒரு சிறு உறையிலிட்டு, உலர்ந்த ஆற்று மணல் நிரப்பிய டப்பாவில் புதைத்து, மருந்தை ஒட்டியே வைத்தேன். பெரிய மருத்துவமனைகளில் இதற்கென்றே கிளைக்கால் நிரப்பிய குப்பியில் உணர்முனையை வைத்திருப்பார்கள். நமக்கு மணல் போதும். உறையிட்டதில் உப்புக்காற்றின் துருவிலிருந்தும் பாதுகாப்பு.

மூன்று வாரம், மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம். வரைபடம் ரம்பப் பல் போல ஏறி இறங்கியது; கம்ப்ரஸர் ஓடி நிற்பதன் தடம் அது. நடுத்தட்டில் பெரும்பாலும் 4க்கும் 6க்கும் இடையே நின்றது. கதவுத் தட்டில் 10, 11 என்று ஏறியது. வெள்ளிக்கிழமைகளில், ஜும்ஆவுக்குப் பிறகு விருந்தினர் வரும் வேளையில், இன்னும் அதிகம். உறைபனி அறைக்கு நேர் கீழேயுள்ள தட்டில், ஊர் உறங்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையே சுழியத்திற்கும் கீழே இறங்கியிருந்தது. பகலில் கதவு திறந்து மூடும் கலக்கத்தில் அது தெரிவதே இல்லை. பெட்டியின் குமிழில் 1, 2, 3 என்று போட்டிருக்கும் எண்கள் டிகிரி அல்ல என்பதும், பெட்டியின் வெப்பக் கட்டுப்பாடு தான் இருக்கும் ஒரு மூலையை மட்டுமே அறியும் என்பதும் இந்த வரைபடத்தைப் பார்த்தபோது தெளிவாக விளங்கின. மருந்து டப்பா நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல், நிலைபெற்றது.

இச்செய்தி தெருவில் பரவியதும், தம் வீட்டிலேயே மருந்து வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கருவியை இரண்டு நாள் இரவல் கேட்டார். அவருக்குப் பல மாதங்களாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. மருத்துவர் ஊசி அளவைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டே போனார். பெரியவரோ, குளிர் அதிகமிருந்தால் மருந்துக்கு நல்லது என்றெண்ணி, உறைபனி அறைக்கு அடியிலுள்ள தட்டில் வைத்திருந்தார். இரண்டு இரவுகளும் சுழியத்திற்குக் கீழே 3 டிகிரி. வரைபடத்தைக் கண்டதும் அவர் மகன் உடனே புதிய குப்பி வாங்கப் புறப்பட்டார். நான் தடுத்தேன். வீரியம் குன்றிய மருந்துக்கேற்ப உயர்த்தப்பட்ட அளவை வீரியமுள்ள மருந்தில் போட்டால், சர்க்கரை ஒரேயடியாகத் தாழ்ந்து மயக்கம் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. வரைபடத் தாளை முதலில் மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். அவர் அதை நிதானமாகப் பார்த்து, புதிய குப்பிக்கு மாறும்போதே ஊசி அளவைக் குறைத்து, முதல் வாரம் நாள்தோறும் சர்க்கரை பார்க்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் இது போன்ற ஐயம் எழுந்தால் சகோதரிகள் தாமாக அளவை மாற்றாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பெரியவர் இப்போது நலம்; அல்ஹம்துலில்லாஹ்.

பெண்களின் கைக்கு வந்தபின் கருவிக்கு ஓய்வில்லை. கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருப்பதை வரைபடத்தின் சரிவைப் பார்த்து முதலில் சொன்னவர் என் துணைவியார்தான். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துக் காட்டினார்; தடையின்றி வந்துவிட்டது. குர்பானி இறைச்சி நிரப்பிய உறைபனிப் பெட்டியையும் ஒரு வாரம் அளந்தார்கள். சுழியத்திற்குக் கீழ் 18 டிகிரி இருக்க வேண்டிய இடத்தில், அறுத்த இறைச்சியை ஒரே நேரத்தில் அடைத்த முதல் நாளில் ஏறிய வெப்பம் மறுநாள்தான் இறங்கியது. நிறைந்த உறைபனிப் பெட்டியைத் திறக்காமல் வைத்தால் மின்சாரமின்றி இரண்டு நாள் தாங்கும், பாதி நிறைந்தது ஒரு நாள், கீழுள்ள சாதாரணக் குளிரறை நான்கு மணி நேரம்தான் என்பது அமெரிக்க உணவுத் துறையினரின் கணக்கு. நம் வெயிலுக்கும் நம் பெட்டிகளுக்கும் அதில் எவ்வளவு பொருந்துமென்பதை அடுத்த மின்தடையில் பார்த்துவிடலாம் என்று காத்திருக்கிறார்கள்.

அதற்குள் கருவி கைமாறிவிட்டது. தெருமுனையில் மீன் விற்கும் சகோதரர் ஒருவர், தெர்மாகோல் பெட்டியில் ஐஸை அடியில் போடுவது மேலா, மீனின்மேல் போடுவது மேலா என்று நெடுநாளாகத் தம் மனைவியுடன் வாதாடி வருகிறாராம். ஒருநாள் அடியில் போட்டும் மறுநாள் மேலே போட்டும் பதிவெடுக்கிறார். மருந்து டப்பாவின் மணலில் இப்போது பழைய எண்காட்டி வெப்பமானிதான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கருவியைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.